மூன்று தட்டு, பிறகு இரண்டு

தம்பிக்கு,

நீர் சுகம் என்று மன்னாரிலிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். நல்லது.

ஊர்காவற்றுறையில் இசைச் சிகிச்சை என்று ஒரு கூத்துத் தொடங்கியிருக்கிறது. கடலில் புருஷனைப் பறிகொடுத்த நாங்கள் ஐந்து பேரும் செவ்வாய்க்கிழமைகளில் பாயில் வட்டமாக இருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு வந்த பிள்ளை, எங்கள் மனம் ஆறட்டும் என்று முதல் நாள் போட்டது என்ன தெரியுமா? கடல் அலைச் சத்தம்.

"கண்ணை மூடிக் கேளுங்கோ அன்ரி" என்றாள்.

"இதைக் கேட்டுத்தான் பிள்ளை எங்களுக்கு நித்திரை இல்லை" என்றேன். அதையும் கொப்பியில் எழுதினாள்.

போன கிழமை ஆளுக்கொரு மேளம் தந்து, விரும்பினபடி தட்டச் சொன்னாள். மீனை வலைக்குள் கலைக்க உமது அண்ணை வள்ளத்தின் விளிம்பில் தட்டுவாரே, மூன்று தட்டு, பிறகு இரண்டு. அதுதான் என் கையில் வந்தது.

"நல்ல முன்னேற்றம் அன்ரி, ஆர் பழக்கினது?" என்று கேட்டாள் அந்த மேதை.

நான் மேளத்தைப் பாயில் வைத்துவிட்டேன். அந்தத் தட்டைக் கடைசியாகக் கேட்டவர் நீர். ஒரே வள்ளத்தில் போய், தனியே திரும்பி, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஊரை விட்டுப் போனவரும் நீர்தான்.

செவ்வாய்க்கிழமை கதவோரம் ஒரு பாய் வெறுமையாய்க் கிடக்கும். அலைச் சத்தத்தை அவள் நிறுத்திவிட்டாள். நீர் பயப்படாமல் வரலாம்.

உமது மச்சாள்