கைப்பைக்கு ஏற்ற துவக்கு

கிங்ஸ்பரி, லண்டன்
8.3.1998

அன்புள்ள மகள் தவநாயகிக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ஹியூஸ்டனில் நீயும் மருமகனும் பேத்தி சிந்துஜாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்பதே எங்கள் நினைப்பு. அம்மாவின் முழங்கால் நோவு குறைந்திருக்கிறது, ஆனால் அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். காரணம் நீதான்.

போன மாதம் மூன்று தரம் போன் எடுத்தாய். உன்னோடு வேலை செய்யும் நர்ஸை ஆஸ்பத்திரி கார் பார்க்கில் அடித்துப் பையைப் பறித்துவிட்டார்கள், எனக்கும் பயமாக் கிடக்கு, நீங்கள் பன்னிரண்டு வருசம் கிளப்பிலை பிஸ்டல் சுட்டனீங்கள்தானே, எதை வாங்கலாமெண்டு சொல்லுங்கோ அப்பா என்று கேட்டாய். நானும் பொறுமையாகச் சொன்னேன். பழகுவதற்கென்றால் நீளக் குழல் வைத்த பொயின்ற் ரூ ரூ பிஸ்டல், சின்னத் தோட்டா, அது கையில் உதைக்காது. வீட்டுக் காவலுக்கென்றால் நடுத்தர ரிவோல்வர், அதில் சிக்கல் குறைவு. கைப்பைக்கென்று ஒன்றுமே வேண்டாம், சின்னது பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் உதைப்பு அதிகம், பழகாத கைக்குப் பத்தடியிலும் குறி தவறும் என்றேன். நீ எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுவிட்டு, கடைக்காரன் காட்டிய அந்தச் சின்னதையே வாங்கிக் கைப்பைக்குள் போட்டிருக்கிறாய். பிறகு எதற்கு என்னிடம் கேட்டாய்?

அதையும் நீ சொல்லவில்லை. வியாழக்கிழமை மருமகன் பெனடிக்ற்தான் போன் எடுத்தார். சிந்துஜா இனிப்புத் தேடி உன் பையைத் திறந்திருக்கிறாள். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவரிடம் போய், அப்பா இது ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்டிருக்கிறாள். உள்ளே ஐந்து தோட்டாக்களும் இருந்தனவாம். அவர் மெல்ல வாங்கி உயரத்தில் வைத்தாராம். மாமா, நான் சொன்னால் சண்டைதான் வருது, நீங்கள் சொல்லுங்கோ என்றார். அந்த மனிதர் அழுததை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். ஊரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள், நீங்கள் இங்கை வந்து அதை விளையாட்டெண்டு பழகினியள், இப்ப பிள்ளையும் தொடங்கிட்டாள் என்று கத்தினாள். ஒருவரும் பிஸ்டல் வைத்திருக்கக் கூடாதென்ற இங்கத்தைய புதுச் சட்டத்தின்படி என் பிஸ்டலையும் போன மாதம் பொலிஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். சட்டத்தைத் திட்டியபடிதான் வீட்டுக்கு வந்தேன். பெனடிக்ற் பேசிய பிறகு திட்ட வாய் வரவில்லை.

உன் பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து கார்வரைக்கும் கூட வரும்படி ஆஸ்பத்திரிக் காவலாளியைக் கேள். அந்தச் சாமானைக் கடையிலேயே திருப்பிக் கொடு. முடியாதென்றால் சித்திரையில் நானே வந்து உன்னோடு கடைக்கு வருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று தரம் கேட்டாய், மூன்று தரமும் குழலையும் உதைப்பையும் பற்றியே பேசினேன். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறதே, அதை எங்கே வைப்பாய் என்று ஒருதரமும் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை ஒருத்தி கேட்கிறாள் என்ற சந்தோசம். உன்மேல் உள்ள கோபத்தில் பாதி என்மேல்தான், பிள்ளை.

மூவரும் நீடூழி வாழ வேண்டும். கடிதத்தை மடித்து வைக்க முன்னம் எழும்பிப் போய்த் தோட்டாக்களைக் கழற்று.

உன் அப்பா,
சி. கனகலிங்கம்