சறுக்கில் எண்ணெய், வாசலில் பலகை

அனுப்புநர்:
கி. மிஸ்ரியா,
க/பெ. கிதிர் முகம்மது,
பள்ளிவாசல் பின்தெரு,
மேலச்சாரல்புரம்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

பொருள்: மேலச்சாரல்புரம் பேரூராட்சிச் சிறுவர் பூங்காவில் சிறுவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அனுமதிக்கப்படுவது, அங்கே என் மகளின் கை முறிந்தது, அதற்குத் தீர்வு என்று சொல்லி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே தடை போட்டது ஆகியவை குறித்த புகார்.

பார்வை: இதே பொருளில் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு நான் கொடுத்த மனுவும், அதை முடித்து வைத்து அவர் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

1. ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் திருவேங்கடத்திலிருந்தும் இலத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பேன். "சமூகம் கருணை கூர்ந்து" என்று ஆரம்பித்து "என்றும் நன்றி மறவேன்" என்று முடிப்பது விரலுக்கே பழகிவிட்டது. இந்த மனுவில் அந்த இரண்டும் வராது. நான் கருணை கேட்டு வரவில்லை, கோபத்தோடு வந்திருக்கிறேன். மரியாதைக் குறைவாக ஏதாவது சொல் விழுந்திருந்தால் அது பேரூராட்சியைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போக இடமில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் "சீசனுக்கு வாங்க" என்று எல்லோரையும் அழைத்துவிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். அவர்களும் வருவார்கள். சாரல் விழுந்ததும் மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். எங்கள் பிள்ளைகள் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கும். அருவியில் போய் நின்றால் வரிசை. வரிசை நகர்ந்தால் தண்ணீர் அதிகம் என்று விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அது உயிரைக் காக்கிற காரியம், அதில் எனக்குக் குறை இல்லை. கோயில் இருக்கிறது, சினிமா இருக்கிறது, படகு இருக்கிறது, புரோட்டாக் கடை இருக்கிறது. எல்லாம் எப்போதாவது, யாராவது கூட்டிப்போனால்தான். என் கணவர் செருப்புக்கடை வைத்திருக்கிறார். சீசனில் அவரால் கடையை விட்டு நகர முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பெற்றவர் கையைப் பிடிக்காமல் தானே நடந்து போய் விளையாட ஓர் இடம் வேண்டாமா? மேலச்சாரல்புரத்தில் அப்படி ஒரே ஓர் இடம் இருந்தது. அது இந்தப் பூங்கா.

3. பூங்காவில் ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல், ஒரு சின்ன ராட்டினம், ஒரு மணல்குழி. சுற்றுச்சுவரில் முயல் படம். பெரிய பூங்கா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது போதும். மூன்று வருடம் முன்பு இதன் பராமரிப்பைத் திரு. வல்லிநாயகம் என்பவருக்குப் பேரூராட்சி குத்தகைக்கு விட்டது. அதன் பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

4. அருவிக்கரையில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதற்கும் அனுமதி இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் போனால் வந்ததாகவே சிலருக்குத் தோன்றாது. அவர்களைக் குத்தகைதாரர் பூங்காவுக்குள் விட்டார். எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகளும் உள்ளே வந்தார்கள். பிழைக்க வந்தவர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாய்ந்து படுக்கத் தோதாக இருக்கிறது என்று பெரிய பெரிய ஆட்கள் சறுக்கில் மல்லாந்து கிடந்து, நெஞ்சில் எண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டார்கள். ராட்டினத்தின் கம்பிகளில் ஈர வேட்டியும் ஜட்டியும் தொங்கின. சீக்கிரம் காயட்டும் என்று அதைச் சுற்றி வேறு விட்டார்கள். ஊஞ்சல் இருந்த இடத்தில் சுற்றுலா வேன்கள் நிற்கின்றன. ஊஞ்சலைக் கழற்றி எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மணல்குழிக்குள் கல் கூட்டி அடுப்பு வைத்து பிரியாணி கிண்டினார்கள். சிறுவர் பூங்கா என்ற பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கிறது.

5. சீசன் முடிந்தால் திறப்பார்கள் என்றுதானே நினைப்போம்? சீசன் முடிந்த மறுநாளே கேட்டில் பூட்டு. கூட்டம் இல்லை, ஆள் போட்டுக் கட்டுப்படியாகாது என்பார்கள். ஆக, ஊருக்கு ஆள் வந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பூங்கா இல்லை, வராவிட்டாலும் இல்லை. இந்தக் கணக்கை எந்த அதிகாரி போட்டார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

6. பிள்ளைகள் சும்மா இருக்குமா? வேன்களுக்கு இடையே நுழைந்து போய் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எட்டு வயதாகும் என் மகள் சஃப்ரின், அடுத்த வீட்டு ஜோயலோடு பூங்காவுக்குப் போனாள். ஜோயலின் தாய் கிறிஸ்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சஃப்ரின் சறுக்கில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும் என்கிறார் கிறிஸ்டி. சறுக்கு முழுக்க எண்ணெய். பிள்ளை வந்த வேகத்தில் சறுக்கின் முனையையும் தாண்டிப்போய், மணல்குழியில் கூட்டியிருந்த அடுப்புக்கல்லில் விழுந்தாள். வலது கை, முழங்கைக்கு மேலே முறிந்துவிட்டது. அடுப்பு அப்போது அணைந்திருந்தது. எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் தட்டச்சு செய்ய முடியவில்லை.

7. எங்கள் தெரு ஆட்டோ ஓட்டுநர் இசக்கிமணி அண்ணன் பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வேன்கள் வழியை அடைத்து நின்றதால் பூங்கா வாசலிலிருந்து மெயின் ரோடு வரை ஹார்ன் அடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. கம்பி வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். பாவாடையை எத்தனை தடவை அலசியும் எண்ணெய்ச் சிக்கு போகவில்லை. அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். விசாரணைக்குத் தேவை என்றால் கொண்டுவருவேன்.

8. குத்தகைதாரரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஏம்மா, சீசன் நேரத்துல பார்க்குக்குப் பிள்ளைய அனுப்புவாவளா? வந்த ஆளுவ நிம்மதியா இருந்துட்டுப் போவேண்டாமா? வீட்டுல டிவியப் போட்டு உக்கார வையுங்க." சிறுவர் பூங்காவுக்குச் சிறுவர் வந்தது அவருக்கு இடைஞ்சலாம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாயால் வேறு எதுவும் சொல்லக்கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன்.

9. மறுநாளே செயல் அலுவலருக்கு மனு கொடுத்தேன். அந்த மனுவை நானே அடித்தேன், எல்லாக் கருணையும் கூர்ந்துதான். நடவடிக்கையும் எடுத்தார்கள். அதுதான் இப்போதைய புகார். எண்ணெயை நிறுத்தவில்லை. அடுப்பை அகற்றவில்லை. வேன் ஒன்றுகூட நகரவில்லை. பூங்கா வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள்: "பாதுகாப்பு கருதி, சீசன் காலத்தில் உள்ளூர்ச் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை." எனக்கு வந்த பதிலில், இனி விபத்து நிகழா வண்ணம் தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. முடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கை முறிந்தவளை வெளியே நிறுத்திவிட்டு, முறியக் காரணமானவர்களை உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

10. அந்தப் பலகையால் என் வீட்டில் என்ன நடக்கிறது என்று அலுவலகத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தெருவில் பிள்ளைகள் சஃப்ரினைச் சேர்ப்பதில்லை. அவள் விழாமல் இருந்திருந்தால் பலகை வந்திருக்காது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ஜோயலே ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று, "ஏட்டி, ஒன்னாலதான் எங்களையும் உள்ள விட மாட்டக்காவ" என்று சொல்லிவிட்டுப் போனான். கிறிஸ்டி அவனைக் கண்டித்து, கூட்டி வந்து மன்னிப்பும் கேட்க வைத்தார். சின்னப் பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எழுத்துக் கூட்டிப் பலகையைப் படித்தான், புரிந்ததைச் சொன்னான். மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, மற்றவர்கள் தெருவில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என் மகள். கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிறாள். கூப்பிடவில்லை என்றால், "கை வலிக்கி, அதான் நான் போகல உம்மா" என்று என்னிடம் சமாளிக்கிறாள். அவளுக்குக் கை வலி எப்போதோ குறைந்துவிட்டது.

11. எனவே நான் கேட்பது இவை.

வாசலில் இருக்கும் தடைப்பலகையை இந்த வாரமே எடுக்க வேண்டும். அதை எடுக்கும்போது தெருப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வேண்டும், எனவே பள்ளிக்கூடம் விட்ட பிறகு எடுக்க உத்தரவிட வேண்டும்.

எண்ணெய்க் குளியல், சமையல், வேன் நிறுத்தம் மூன்றையும் பேரூராட்சியின் சந்தைத் திடலுக்கு மாற்ற வேண்டும். சந்தை நாள் தவிர மற்ற நாளெல்லாம் அது காலியாகக் கிடக்கிறது. வந்தவர்களை விரட்டச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேர் நாங்கள் அழைத்ததால் வந்தவர்கள்தான்.

கழற்றிய ஊஞ்சல்கள் எங்கே என்று குத்தகைதாரரிடம் கேட்டு, அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும். சீசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாலை நேரத்தில் பூங்கா திறந்திருக்க வேண்டும். குத்தகையைத் தொடரலாமா என்று விசாரிக்க வேண்டும்.

தாங்கள் நேரில் ஆய்வுக்கு வருவதாக இருந்தால் சொல்லாமல் வர வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் சறுக்கைச் சீயக்காய் போட்டுக் கழுவி, முயலுக்குப் புது வர்ணமும் அடித்து வைத்திருப்பார்கள். வந்தால் சறுக்கின் மேல் ஒரு தடவை கையை வைத்துப் பார்க்கவும். அதன் பிறகு நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது.

முக்கியமாக, இந்த மனுவை "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி அதே செயல் அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டாம். இங்கே கொடுக்கும் மனு எந்த வழியாகச் சுற்றி எந்த மேசைக்குத் திரும்பப் போகும் என்பது, என் கடைக்கு மறுபடி மறுபடி வருகிறவர்கள் மூலம் எனக்குத் தெரியும். இதைத் தங்கள் மேசையிலேயே வைத்துத் தீர்க்க வேண்டும்.

12. கடைசியாக ஒன்று. இந்த மனுவை வீட்டில் அடித்துக்கொண்டிருந்தபோது சஃப்ரின் பக்கத்தில் வந்து நின்று படித்தாள். கலெக்டருக்குத் தானும் ஒன்று சொல்ல வேண்டும், அதை ஓர் எழுத்து மாற்றாமல் சேர்க்க வேண்டும் என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சொன்னது இது:

"சறுக்குல எண்ணெய் இல்ல. நான்தான் சரியா உக்காரல. இனிமே நான் பார்க்குக்கு வர மாட்டேன். ஜோயலையும் மத்த பிள்ளைகளையும் உள்ள விடுங்க."

வாக்குக் கொடுத்ததால் எழுதிவிட்டேன். இந்த மனுவில் உண்மை இல்லாத வரிகள் இவை மட்டுமே. ஒரு பாவமும் செய்யாத பிள்ளை, தெருவில் தன்னை மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு சொன்னவை. என் மகள் வாயில் இந்த வார்த்தை வந்ததற்கு யார் காரணமோ அவர் மீதுதான் என் புகார்.

இடம்: மேலச்சாரல்புரம்
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்கள் வாசலில் நிற்கப்போகும்,

(ஒப்பம்) கி. மிஸ்ரியா

(ஒப்பம்) சஃப்ரின்
அவளும் கையெழுத்துப் போடுவேன் என்றாள். வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் போட்டிருக்கிறாள். எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டின் நகல், செயல் அலுவலரின் பதில் நகல், பூங்கா வாசல் பலகையின் புகைப்படம்.