பாத்தியா, நெனச்சியா?

இன்று காலை ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் செருப்பு மழையில் ஊறியிருந்தது. ஈரத்தோலின் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் ஆறு மாதமாகிறது. ஸ்டாஃப் ரூமில் உன் நாற்காலியில் யாரையும் நான் உட்கார விடுவதில்லை.

அந்த ஐப்பசி மழை வாரம் நினைவிருக்கிறதா? என் ஆறாம் வகுப்பில் ஒரே நாற்றம். பிள்ளைகள் கௌசல்யாவைக் காட்டினார்கள். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் தொட்டியில் வேலை. நம் ஊரில் அதற்குமேல் விசாரணை எதற்கு? "காத்தோட்டமா இருக்கும்மா" என்று அவளைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மனம் நோகாமல் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. அடுத்த இரண்டு நாளும் அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் நான் இதைச் சொன்னதும், "பாத்தியா, இல்ல நெனச்சியா?" என்றாய். உன் அறிவியல் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டு அரிக்கும் அதே கேள்வி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இதுல பாக்க இன்னா இருக்குது? அவங்கப்பா தோல் ஷாப்புல இருக்காரு."

"அவதான் ரெண்டு நாளா வர்லியே. நாத்தம் போய்டுச்சா?"

போகவில்லை. நீ பிள்ளைகளையே தேட விட்டாய். எங்கே ஜாஸ்தி, எங்கே கம்மி என்று பெஞ்சு பெஞ்சாக முகர்ந்து கரும்பலகையில் எழுதினார்கள். ஜன்னலோரம் கம்மி, என் மேசையருகே ஜாஸ்தி. "மிஸ், உங்க பை" என்றான் ஒருவன் பயந்தபடியே. ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட தோலில் தைத்த பை. நனைந்து நனைந்து அடியில் பூஞ்சை பிடித்திருந்தது. வீட்டில் அது ஈரத்துணி வாடை என்று நினைத்து விட்டிருந்தேன். நீ சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதற்காகவே உன்னை எனக்கு அத்தனை பிடிக்கும்.

சாயந்திரம் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். "இன்னான்னே தெரியல மிஸ், தேய்ச்சித் தேய்ச்சிக் குளிக்கிறா. கேட்டா அழுவுறா" என்றார் அவள் அம்மா. பிள்ளையின் கைகள் முழங்கை வரை சிவந்து, தோல் உரிந்திருந்தன.

"நாத்தம் உன்கிட்ட இல்லம்மா, என் பையில. பாக்காமயே உன்னைச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் உன்னிடம் கேட்டாள்: "நெஜமாவா மிஸ்?"

"என்னையும் நம்பாத. நாளைக்கி வந்து நீயே மோந்து பாரு."

மறுநாள் வந்தாள். வகுப்பே பார்த்திருக்க, மேசைமேல் இருந்த பையைக் குனிந்து முகர்ந்தாள். பிறகு தன் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். ஒருமுறை போதவில்லை, இன்னொரு முறையும் முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்குப் போனாள்.

நாமிருவரும் சொல்லியும், தன் உடம்பின்மீது நம்பிக்கை வர அந்தப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது முறை தேவைப்பட்டது. அதைத் தேவையாக்கியவள் நான். ஒரு பிள்ளையைப் பற்றி எதையாவது சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அந்தச் சின்ன மணிக்கட்டு என் வாயை அடைத்துவிடுகிறது.