குன்வோருக்குக் குளிர் தெரியும்

அனுப்புநர்:
எர்லிங் ஹெக்னெஸ்,
ஓய்வுபெற்ற மரவேலை ஆசிரியர்,
ஆற்றங்கரைச் சாலை, கிரான்மோ, நார்வே.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
முதியோர் நலப் பிரிவு,
கிரான்மோ நகராட்சி.

பொருள்: என் மனைவி குன்வோர் ஹெக்னெஸை முதியோர் இல்லத்துக்கு மாற்றும் உத்தரவை மறுபரிசீலனை செய்யவும், அவரைப் பற்றிய பதிவில் ஒரு வரியை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதுகெலும்பு நோயால் என் மனைவி கட்டிலோடு இருக்கிறார். தங்கள் பிரிவின் செவிலியர் யோருன் தினமும் காலையில் வந்து உதவுகிறார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த மனுவில் உள்ள குறை முழுவதும் என்னுடையது. எழுதவே கூசுகிறது.

2. குன்வோருக்குப் புகை ஆகாது என்பதால் விறகு அடுப்பை மூடிவிட்டோம். வீட்டைச் சூடாக்குவது, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே அனுப்பும் ஹீட் பம்ப் ஒன்றுதான். அதன் வெளிப்பெட்டி அவர் கட்டிலுக்கு நேரே, ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. நாளெல்லாம் ஒரு தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாமே என்று, பக்கத்து வீடுகளில் செய்திருப்பதுபோல் அதற்கு ஒரு மரக்கூடு கட்டினேன். சிவப்பு வண்ணம், வெள்ளைச் சட்டம், மேலே புல் கூரை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்க்க நானும் வாசலில் போய் நின்றேன்.

3. குளிர் கடுமையானதும் பம்ப் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. சூடான காற்று திடீரென்று நிற்கும், பிறகு தானே வரும், மறுபடி நிற்கும். பழுதுபார்க்கும் ஸ்டிக் என்பவர் பலமுறை வந்தார். அவர் வந்தபோதெல்லாம் நன்றாகவே ஓடியது. என்னிடம் படித்தவர், மரியாதையாகத்தான் கேட்டார்: "மிஷின்ல ஒண்ணுமில்ல சார். ராத்திரி ஜன்னலத் தொறந்து போட்டுட்டுத் தூங்குறீங்களா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேலை தெரியாதவன் என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் சொன்னேன்.

4. செவிலியர் வரும் காலைகளில் வீடு குளிர்ந்து கிடந்தது. கட்டிலருகே வைத்த சிறிய மின்கணப்பு போதவில்லை. குன்வோரோ அவரிடம், "எனக்குக் குளிரே தெரியலம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்போது அவருடைய விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. 'குளிரை உணரவில்லை, அறிவு மங்கி வருகிறது' என்று செவிலியர் பதிந்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

5. அந்தப் பதிவின்பேரில் வந்த தங்கள் உத்தரவைக் கட்டிலருகே அமர்ந்து வாசித்தேன். அந்த வரி வந்ததும் குன்வோர் என்னை நிறுத்தி, "ஸ்டிக் வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கூட்டைக் கழற்றி, பனியைப் பெருக்கி, பெட்டியைத் துடைத்து வைப்பேன் என்றேன். ஒருவர் வேலைக்கு வரும்போது இடத்தை அப்படியே போட்டுவைக்க மனம் வருமா? "அதான் அன்னிக்கு மட்டும் ஓடுது. கூட்டைத் திரும்ப மாட்டினதும் பெட்டி ஐஸ் கட்டிக்குது, சட்டத்து இடுக்குல தெரியுது. நான்தான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கேனே" என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ்வளவு ஆசையா கட்டினீங்க. எப்படிச் சொல்றது?" என்றார்.

6. நான் சட்டங்களை மிக நெருக்கமாக அடித்துவிட்டேன். பெட்டி வெளியே தள்ளிய குளிர்காற்று கூட்டுக்குள்ளேயே சுற்றி மறுபடி பெட்டிக்குள் போயிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மரவேலை சொல்லிக்கொடுத்தவன் செய்த வேலை இது. அன்றே கூட்டைப் பிரித்துப் போட்டேன். அதன்பின் பம்ப் ஒருமுறையும் நிற்கவில்லை. ஸ்டிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தகரப் பெட்டியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் குன்வோர். இதையும் நான் நம்பவில்லை.

7. ஆகவே, முன்கூட்டிச் சொல்லாமல், எந்த நேரத்திலும் ஆளனுப்பி வீட்டைச் சோதித்து, உத்தரவைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது முடியாது என்றே தாங்கள் முடிவு செய்தாலும், அறிவு மங்கி வருகிறது என்ற அந்த வரியை மட்டுமாவது அடித்துவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். அவருக்குக் குளிர் நன்றாகவே தெரிந்தது. எனக்காகப் பொறுத்துக்கொண்டார். அந்த வரி இருந்த இடத்தில் இதை என் பெயரோடு எழுதிக்கொள்ள எனக்குச் சம்மதம்.

இடம்: கிரான்மோ
நாள்: பிப்ரவரி 9

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
எர்லிங் ஹெக்னெஸ்