கோபம் இல்லாத கொதிப்பு

என் அருமைத் தம்பிக்கு,

போன்ல இந்தப் பேச்சை எடுத்தாலே சிரிச்சு மழுப்பிடறே. அதான் எழுதறேன், முழுசாப் படிடா.

"உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு"ன்னு டாக்டர் சொன்னப்போ நம்ம அப்பா என்ன செஞ்சார்? கோபத்தைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சுக்கிட்டு, கத்தறதை நிறுத்தினார். மாத்திரையைத் தொடவே இல்லை. மனுஷன் திருந்திட்டார்னு நாமளும் சந்தோஷப்பட்டோம். அவ்வளவு சாந்தமா இருந்தவர்தான் ஒருநாள் பேப்பர் படிச்சபடியே நாற்காலியில சாய்ஞ்சார்.

இப்போ நீயும் அதே பாட்டைப் பாடறே: "எனக்குத்தான் கோபமே வராதே, நான் எதுக்கு பிரஷர் பார்க்கணும்?" கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இங்கே ஆஸ்பத்திரியில என்னைப் பார்க்கற டாக்டரம்மா தலையில அடிச்சுக்காத குறையாச் சொன்னாங்க. குணத்துக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க, இது மரபணு வழியாவும் வரும்னு. அப்பாவோட மூக்கு நமக்கு வந்த மாதிரி இதுவும் வரலாம், வராமலும் போகலாம். பார்த்தாத்தானே தெரியும்?

வீட்டுலயே வாயில்லாப் பூச்சின்னு பேர் வாங்கினவ நான்.

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு சிரிக்காதே. இடது கைக்கு இதுதான் முதல் கடிதம்.

உன் அக்கா