மலைத் தாத்தாவின் தேங்காய்

இன்று காலை பெயிண்டர் ஏணியைக் கூடத்தின் தென்கிழக்கு மூலைக்கு நகர்த்தினார். நகர்த்தியவர் அங்கேயே நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது யாராச்சும் வச்சதா, நீங்களாக் கட்டுனதா?"

நம் வீட்டுத் தேங்காயைத்தான் கேட்டார். சிவப்புத் தலைப்பாகையும் நெற்றியில் திருநீற்றுப் பட்டையுமாகக் கயிற்றில் தொங்குமே, அதை. நாங்களாகக் கட்டியதுதான் என்றேன். அவர் நம்பவில்லை. "எதுக்கும் நீங்களே எடுத்துருங்கக்கா, நான் புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டது இதுதான் முதல் தடவை. கனமே இல்லை. நீங்கள் செய்வதைப்போலக் காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தம் வரவில்லை. நீங்கள் போனபிறகு துக்க வீடு என்று வருஷம் முழுக்க யாரும் அதை மாற்றவில்லை. உள்ளே தண்ணீர் வற்றிப்போயிருந்தது. துணியில் நீங்கள் தெளித்த பன்னீர் வாசனை இன்னும் இருந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே நின்றேன். கால் வலித்ததும் இறங்கிவிட்டேன்.

கல்யாணமாகி இந்தப் பர்மா காலனி வீட்டுக்குள் வந்த அன்று இதைத் திருஷ்டிக்காய் என்றுதான் நினைத்தேன். வாசலில் கட்டவேண்டியதை இவர்கள் ஏன் கூடத்துக்குள் கட்டியிருக்கிறார்கள் என்று புரியவில்லை. மறுநாள் உங்களிடம் கேட்டேன். "அது எங்க மலைத் தாத்தா" என்றீர்கள். பர்மாவில் வீட்டுக்கு வீடு இருப்பாராம். பெரிய பலசாலியாம். அவருடைய பலத்துக்குப் பயந்த ராஜா அவரை நெருப்பில் போட்டுக் கொன்றுவிட்டானாம். அப்புறம் மலையில் தெய்வமாக உட்கார்ந்தாராம். தெய்வமான பிறகும் உடம்பு எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் அவருக்குத் தேங்காய்த் தண்ணீர் என்று சொன்னீர்கள். அந்தத் தேங்காயை உடைக்கக் கூடாது, தரையில் விடக் கூடாது, அதன் கீழே விளக்கேற்றக் கூடாது. வருஷத்துக்கு ஒருதடவை புதுக்காய் மாற்றவேண்டும்.

நான் குன்றக்குடிப் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்தவள். "எங்க மலையில இருக்கிறவருக்குப் பால்காவடி எடுப்போம். உங்க ஆளு தேங்காத் தண்ணிக்கே அடங்கிருவாராக்கும்?" என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "ரெண்டு பேருக்கும் மலைதான வீடு, பேசிக்கிருவாங்க" என்றீர்கள்.

அந்தத் தேங்காய் கப்பலேறி வந்த கதையை அத்தைதான் சொன்னார்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பர்மாவிலிருந்து கிளம்பச் சொன்ன காலம். நீங்கள் கைப்பிள்ளை. ரங்கூன் துறைமுகத்துச் சோதனையில் அத்தையின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்ட ஆள், அடுத்து மூட்டையை அவிழ்த்திருக்கிறான். உள்ளே சிவப்புத் துணி கட்டிய தேங்காய். சட்டென்று இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டானாம். தானே மூட்டையைக் கட்டிக் கொடுத்து, போ என்றானாம். "சங்கிலியக் கழட்டுனவனும் அவன்தான், சாமிய விட்டவனும் அவன்தான் ஆத்தா" என்று அத்தை சொல்வார்கள். அந்த ஆளை அவர்கள் ஒருநாளும் திட்டிக் கேட்டதில்லை.

காரைக்குடிக்கு வந்தபிறகு மாமா அதன் நெற்றியில் திருநீறு பூசினாராம். ஊருக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். தலைப்பாகையில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. துணியைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்து, இழுத்துச் சுற்றி, ஒரு முனையை மட்டும் வலப்பக்கம் இலைபோல நிறுத்துவீர்கள். கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் அதே விரல்கள். அந்த நேரத்தில் உங்களிடம் பேச முடியாது. சோறு ஆறுகிறது என்றால்கூடக் காதில் விழாது.

என் அண்ணன் அதை உடைத்த நாள் நினைவிருக்கிறதா? கல்யாணமான முதல் வருஷம், எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. பார்க்க வந்த அண்ணன் கூடத்தில் அண்ணாந்து பார்த்தார். "அக்கினி மூலையில சிவப்புத் துணியச் சுத்திச் செய்வினையக் கட்டித் தொங்க விட்டிருக்காக. அப்பறம் புள்ளைக்கு எப்படிக் காய்ச்சல் விடும்?" என்று கத்தினார். நான் பாயிலிருந்து எழுந்திருக்கும் முன்னால் கயிற்றை அறுத்துவிட்டார். தெருமுனைப் பிள்ளையார் முன்னால் கொண்டுபோய்ச் சிதறுகாயாக உடைத்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆளுக்குத் தேங்காயென்றால் உடைக்கத்தானே தெரியும்.

அத்தை தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். தேங்காய்க்காக அழவில்லை. சிந்திய தண்ணீர் தார் ரோட்டில் காய்வதைப் பார்த்துத்தான் அழுதார்கள். "எரியுமேடா அவருக்கு, எரியுமேடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்து ஓடிவந்த நீங்கள் அண்ணனை அடிக்கப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். என் கல்யாண வாழ்க்கை இத்தோடு சரி என்று வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சில்லுகளைப் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டு, "பிள்ளையாருக்குத்தான மச்சான் உடைச்சீக, வெளியாளுக்கா உடைச்சீக? உள்ள வாங்க, சாப்புடுவோம்" என்றீர்கள்.

அண்ணன் சாப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் மறுவாரமே தன் தோப்பிலிருந்து ஒரு காயோடு வந்து நின்றார். மட்டை உரிக்காதது, காம்போடு இருந்தது. மேலிருந்து போடாமல் கயிறு கட்டி இறக்கினேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதிலிருந்து வருஷா வருஷம் தேங்காய் அவர் பொறுப்பு. நீங்களும் கேட்டதில்லை, அவரும் விட்டதில்லை.

கடைசிக் காலத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இதை வேறு யாரிடம் சொல்வது? சிறுநீரகம் போனபிறகு உங்களுக்குத் தண்ணீர் அளவுதான். அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் நான் அளந்து ஊற்றுவேன். இளநீர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டயாலிசிஸ் முடிந்து வந்து அந்த மூலையில் கட்டில் போட்டுப் படுப்பீர்கள். தலைக்கு மேலே அவர் நிறையத் தண்ணீரோடு தொங்குவார். உதடு காய்ந்து அண்ணாந்து பார்த்தபடி கிடப்பீர்கள். கட்டிலை அங்கிட்டு மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அவருக்கு இருக்குல்ல, அது போதும்" என்றீர்கள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பாதி ராத்திரியில் எழுந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு உடம்பு மட்டுமில்லை, எல்லாமே அலுத்துவிட்டது. நீங்கள் போன அன்று முதலில் வந்தது அழுகையில்லை, தூக்கம். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இந்த ஒரு வருஷமும் அந்தத் தூக்கக் கலக்கத்திலேயே போய்விட்டது.

போன வாரம் நம் மகன் சென்னையிலிருந்து பேசினான். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் அதற்காகத்தான். "அம்மா, பெயிண்ட் அடிச்சதும் அந்தத் தேங்காய மறுபடி மாட்ட வேணாம்மா. பார்த்தா ஏதாச்சும் நினைப்பாக. அப்பாவோட அது முடிஞ்சுபோகட்டும்" என்றான். அவன் கெட்ட பிள்ளையில்லை. அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, இது நடக்கவேண்டுமே என்று பயப்படுகிறான். நானும் சரிப்பா என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உங்கள் சாமியை நான் எதற்குச் சுமக்கவேண்டும்? அவரை நான் கும்பிட்டது உங்களுக்காகத்தான். சுமை ஒன்று குறைந்தது என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் அண்ணன் வந்தார். வயதாகிவிட்டது, இப்போது கைத்தடியோடுதான் நடக்கிறார். இடுப்பில் அணைத்தபடி துண்டில் சுற்றி ஒரு காய்.

"யாரு கேட்டா இத?" என்று எரிந்து விழுந்தேன்.

"யாரும் கேக்கல. காம்பு நல்லா இருந்துச்சு, இறக்குனேன். வேணாம்னா அரைச்சுக் கொழம்பு வையி" என்றார். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வெறும் மூலையைப் பார்த்தார். "மாப்பிள்ளையச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயி வச்ச அன்னைக்கு என்னா வெயிலு" என்றார்.

அவர் போனபிறகு காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மகன் கொள்ளிக்குடத்தைச் சுமந்து சுற்றியதும், ஓட்டை வழியாகத் தண்ணீர் சிந்தியதும் வந்து சொன்னார்கள். தார் ரோட்டில் அழுத அத்தை ஞாபகம் அப்போது வரவில்லை, இன்றைக்கு வந்தது. எரியுமேடா, எரியுமேடா.

என் பழைய சிவப்புச் சேலை ஒன்றை எடுத்துக் கையால் கிழித்தேன். இழுத்துச் சுற்ற வரவில்லை. முனை நிற்காமல் சரிந்து, கல்யாணச் சாப்பாடு முடித்த ஆள்போல இருக்கிறது தலைப்பாகை. திருநீறு பூசினேன், பன்னீர் தெளித்தேன். அதற்குள் மூலையை அடித்து முடித்திருந்த பெயிண்டர் பக்கத்திலேயே வரவில்லை. ஆனாலும் நான் ஏறியபோது ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டார். மகனுக்குப் போன் போட்டு, மாட்டிவிட்டேன் என்றேன். "அவங்க கேட்டா என்னம்மா சொல்றது?" என்றான். உங்கப்பாவுக்குன்னு சொல்லு என்றேன்.

மலைத் தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார். உங்களையும் நெருப்பில்தானே வைத்தோம். மாட்டும் முன்னால் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன், தளும்பத் தளும்ப இருக்கிறது. குடியுங்கள். இனி நான் அளந்து ஊற்ற மாட்டேன்.