வாரமா, வட்டியா?

12.11.2024

நன்னிலம் வந்து இருபத்தைந்து நாள். ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் ஊரார் ஏசியையெல்லாம் பழுது பார்த்தவன் வீட்டில் ப்ரிட்ஜ் ஓடவில்லை. மனைவி கமருன்னிஸா தினமும் குத்திக் காட்டுகிறாள். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும். போக மனமே இல்லை. கையில் பன்னிரண்டு லட்சம். பேங்கில் போட்டால் வட்டி, எனக்கு ஆகாது. ஆனால் மாதம் ஏதாவது வந்தாக வேண்டுமே!

19.11.2024

அக்கா மகன் ஆஸிம் தஞ்சாவூரிலிருந்து வந்தான். கம்பெனிப் பங்கு வாங்கினால் டிவிடெண்ட் வருமாம். "அதுவும் வட்டிதானேடா?" "இல்ல மாமா, லாபம் வந்தாத்தான் தருவாங்க."

இன்னொன்றும் சொன்னான். பெரிய ஆபீஸ் கட்டடங்களை ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வாங்கி, வாடகையைப் பிரித்துக்கொள்ளும் டிரஸ்ட். அதில் எந்தச் செங்கல் என்னுடையது? ஏசி யார் மாட்டியிருப்பான்?

20.11.2024

நம் மூன்று மா நிலத்தில் சாகுபடி செய்யும் காயாரோகணத்திடம் கேட்டேன், வாரத்துக்கும் குத்தகைக்கும் என்ன வித்தியாசம் என்று. "குத்தகைன்னா வெளஞ்சாலும் வெளையாட்டியும் அளந்தாகணும் பாய். வாரம்னா வெளஞ்சதுல பங்கு. வெள்ளத்துல போச்சுன்னா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

அட! டிவிடெண்ட் என்பது வாரம்!

3.12.2024

வாங்கிவிட்டேன். பாதிக்குப் பங்கு, பாதிக்குக் கட்டட டிரஸ்ட். கமருன்னிஸா: "இவ்வளவு படிக்கிறீங்க, ப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தடவ எட்டிப் பாத்தீங்களா?"

10.1.2025

விலை இறங்கியிருக்கிறது. வயல் விலையை யாராவது தினம் பார்க்கிறார்களா? பார்க்கக் கூடாது. நாலு தடவை பார்த்தேன்.

14.2.2025

டிரஸ்ட் பணம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்! கமருன்னிஸாவிடம் பெருமையாகப் போனைக் காட்டினேன். அப்புறம்தான் கூட வந்த விவரத்தைப் படித்தேன். வாடகை என்று ஒரு வரிகூட இல்லை. டிவிடெண்ட் கொஞ்சம். முதல் திரும்பியது கொஞ்சம் — என் காசையே எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது, வட்டி.

யா அல்லாஹ்! எதுக்குப் பயந்து ஓடுனேனோ அதுவே வந்து நிக்குது. டிரஸ்ட் தன் கட்டடக் கம்பெனிக்குக் கடன் கொடுத்து, வாடகையை வட்டியாக வாங்குகிறதாம். ஆஸிம் சிரிக்கிறான்: "நான் சொன்னேன் மாமா. வாடகைன்னதும் நீங்கதான் காத மூடிட்டீங்க."

18.2.2025

வட்டி மூவாயிரத்து நூறு. வைத்துக்கொள்ளக் கூடாது; நன்மை எதிர்பார்க்காமல் கொடுத்துவிட வேண்டிய பணம். பொதுக் கழிப்பறைக்குக் குழாய் மாற்றக் கொடுத்தேன். டிரஸ்டை விற்றதில் பதினோராயிரம் நஷ்டம். அதற்கும் பங்கே வாங்கினாலும் மாதம் மூவாயிரம் தேறாது. வீட்டுக்குப் பதினைந்தாயிரம் வேண்டும். ஷார்ஜா டிக்கெட் விலை பார்த்தேன். கமருன்னிஸாவிடம் சொல்லவில்லை.

2.3.2025

டிக்கெட் பார்த்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். "இருவத்திரெண்டு வருசம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. போதுங்க." அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தப் பங்கு பாட்டுக்கு வெளையட்டும். வெயில் ஆரம்பிச்சாச்சு. இந்த ஊர்ல ஏசி பாக்க ஆள் கெடைக்குதான்னு என்னிக்காவது விசாரிச்சீங்களா?"

கம்பெனி கம்பெனியாக விசாரித்தேன். இதை விசாரிக்கவில்லை.

சாயங்காலம் ப்ரிட்ஜைப் பிரித்தேன். ரிலே போயிருந்தது. நூற்றைம்பது ரூபாய்.

9.4.2025

இந்த வாரம் ஏழு ஏசி. டிவிடெண்ட் எண்ணூற்று நாற்பது வந்ததைப் பார்க்கவே மறந்துபோனேன்.

18.4.2025

இன்றோடு ஆறு மாதம். ஜும்மா முடிந்து வந்து, பழைய ஸ்பேனர் ஒன்றைத் தேடிக் கட்டிலடியில் கிடந்த, ஷார்ஜா பயணத்துக்கான சபர் பெட்டியை இழுத்தேன். அசையவில்லை. திறந்தால் வாய்வரைக்கும் உளுந்து, இந்த வருட வாரத்துக்கு வந்தது.

"இதுல எப்பப் போட்டே?"

"போன மாசமே. இனிமே அந்தப் பெட்டி எதுக்குங்க?"